இணைய வசதியற்ற கணினியில் மென்பொருள் நிறுவும் முறை

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அந்நாளில் நல்ல விதையும், புதிய கருவியும், பயிர் நோய்க்கான மருந்தும் தாமாகக் கிராமத்தை வந்தடையவில்லை. கிராம சேவகர் எனும் ஒரு மனிதர் அவற்றைச் சுமந்து வந்து, பயன்படுத்தும் முறையையும் உடனிருந்து சொல்லிக் கொடுத்தார். சாலை வந்த பிறகுதான் விதை வரும் என்று அன்று எவரும் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் பல ஊர்களில் ஒரு தலைமுறை வீணாகியிருக்கும்.

இன்று சாலையின் இடத்தில் இணையம் நிற்கின்றது. கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு 2011-ஆம் ஆண்டு ஒப்புதல் அளிக்கப்பட்டது. 2015 முதல் அது பாரத்நெட் என்னும் பெயரால் வழங்கிவருகின்றது. எனினும், கம்பி வந்த ஊரிலும் கம்பி அறுபடும் நாள் உண்டு. கைபேசிக் கோபுரம் உள்ள ஊரிலும் ஓடையோரத்துத் தெருவுக்கு அலை எட்டாத நிலை உண்டு. ‘இணையம் இல்லையே, இக்கணினியில் என்ன செய்ய இயலும்?’ என்று எண்ணி, நல்ல கணினியை உறையிட்டு மூடி வைத்திருப்போர் பலர். அவ்வெண்ணம் பிழையானது. இணையம் இல்லாத கணினியிலும் வேண்டிய மென்பொருளை முறையாக நிறுவ இயலும். அம்முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மென்பொருள் என்பது யாது?

கணினியின் பெட்டி, திரை, விசைப்பலகை ஆகியன வன்பொருள். அவற்றுக்கு வேலை சொல்லும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அவற்றுள் முதன்மையானது இயக்கு தளம். விண்டோஸ், லினக்ஸ் என்பன இயக்கு தளங்கள். கடிதம் எழுதவும், வரவு செலவுக் கணக்குப் போடவும், தமிழில் அச்சிடவும் தனித்தனி மென்பொருள்களை இயக்கு தளத்தின்மேல் ஏற்றிக்கொள்கிறோம். இவ்வாறு ஏற்றுவதையே ‘நிறுவுதல்’ என்கிறோம்.

இதற்கு இணையம் ஏன் தேவைப்படுகின்றது? தொப்பம்பட்டி வட்டாரத்து விவசாயி ஒருவர் கிணற்று மோட்டார் வாங்கப் பழனிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். மோட்டாரை மட்டும் வாங்கி வந்தால் தண்ணீர் வந்துவிடாது. ஸ்டார்ட்டர் வேண்டும், குழாயின் அளவுக்கு ஏற்ற இணைப்பு வேண்டும், அடியில் ஃபுட்வால்வு வேண்டும். ஊரிலேயே கடை இருந்தால் ஒவ்வொன்றாகப் போய் வாங்கிக்கொள்ளலாம். கடை தொலைவில் இருந்தாலோ, எல்லாவற்றையும் முன்னரே எண்ணி, அளவைக் குறித்துக்கொண்டு, ஒரே பயணத்தில் வாங்கி வருதல் வேண்டும். மென்பொருளும் அத்தகையதே. ஒரு மென்பொருள் இயங்க வேறு சில துணை மென்பொருள்கள் தேவைப்படும். இணையம் உள்ள கணினி அவற்றைத் தானே சென்று எடுத்துக்கொள்ளும். இணையம் இல்லாத கணினிக்கு நாம்தான் எடுத்துச் சென்று கொடுக்க வேண்டும். இத்தொழிலில் வரும் தோல்விகளுட் பெரும்பாலானவை அளவைக் குறிக்காமல் கடைக்குச் சென்ற குற்றத்தால் விளைவனவே.

முதற்படி: குறிப்பெடுத்தல்

ஊராட்சி அலுவலகத்துக் கணினியின் முன் அமர்ந்து, ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

1. இயக்கு தளத்தின் பெயரும் பதிப்பும். விண்டோஸ் 7, விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றுள் எது என்பது.

2. அது 32 பிட் அமைப்பா, 64 பிட் அமைப்பா என்பது. 64 பிட்டுக்கு உரிய மென்பொருள் 32 பிட் இயக்கு தளத்தில் ஏறாது.

3. நினைவகத்தின் அளவு.

4. வட்டில் எஞ்சியுள்ள இடம்.

5. முன்னரே நிறுவப்பட்டுள்ள மென்பொருள்களின் பட்டியல்.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் ‘அமைப்புகள்’ பகுதியில், கணினியைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால் முதல் மூன்று செய்திகளும் ஓரிடத்திலேயே கிடைக்கும். இத்தாளின்றி எவரும் பட்டணத்துக்குப் புறப்படலாகாது.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுப் பாதுகாப்பு உதவி 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றுபோயிற்று. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்தது 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. ஆகவே, இப்போது வெளிவரும் மென்பொருள்களுட் பல பழைய கணினிகளில் ஏறமாட்டா. பழைய கணினி வைத்திருப்போர், அந்த இயக்கு தளத்தை ஏற்கும் பதிப்பு எது என்பதை மென்பொருளின் சொந்த வலைத்தளத்தில் பார்த்து, அதனையே எடுத்து வருதல் வேண்டும்.

இரண்டாம் படி: முழுத் தொகுப்பைக் கொண்டு வருதல்

நிறுவல் கோப்புகள் இருவகைப்படும். ஒருவகை மிகச் சிறியது. ஓரிரு மெகாபைட் அளவே இருக்கும். அதனைத் திறந்தவுடன், ‘மீதியை இணையத்திலிருந்து எடுக்கிறேன்’ என்று தொடங்கும். இணையம் இல்லாவிடில் அங்கேயே நின்றுவிடும். மற்றொரு வகை முழுத் தொகுப்பு. வேண்டிய யாவும் அதனுள்ளேயே அடங்கியிருக்கும். நமக்கு உரியது இரண்டாம் வகையே. எடுத்துக்காட்டாக, கடிதம், கணக்கு, விளக்கப்படம் ஆகியவற்றுக்கு விலையின்றிக் கிடைக்கும் லிபர் ஆபீஸ் முழுத் தொகுப்பாகவே கிடைக்கின்றது. விண்டோஸுக்கான அதன் அளவு 300 மெகாபைட்டுக்கு மேற்பட்டது. அதன் உதவிக் குறிப்புகள் தனிக் கோப்பாக உள்ளன. அதனையும் சேர்த்து எடுத்து வந்தால், ஐயம் தோன்றும்போது இணையமின்றியே படித்துக்கொள்ளலாம்.

துணை மென்பொருள்களை மறத்தலாகாது. விண்டோஸில் இயங்கும் கணக்கு மென்பொருள்கள் சில ‘டாட் நெட்’, ‘விஷுவல் சி பிளஸ் பிளஸ்’ என்னும் துணைத் தொகுதிகளைக் கேட்கும். எவை தேவை என்பது மென்பொருளின் விவரப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். டாட் நெட் 3.5 என்னும் பழைய தொகுதியோ, விண்டோஸ் 10 நிறுவல் தகட்டிலேயே உள்ளது. ஆதலால் நிறுவல் தகட்டைப் பத்திரமாக வைத்திருப்பது நன்று.

கோப்பைச் சுமந்து வரும் பென்டிரைவைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் பென்டிரைவ்களுட் பல ‘ஃபேட் 32’ என்னும் முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அம்முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பைப் பதிய இயலாது. ‘இடம் இருக்கின்றதே, ஏன் ஏறவில்லை?’ என்று பலர் மயங்குவது இதனால்தான். ‘எக்ஸ்ஃபேட்’ முறையில் அமைத்துக்கொண்டால் இத்தடை நீங்கும். ஆனால் அவ்வாறு அமைக்கும்போது பழைய கோப்புகள் யாவும் அழிந்துபோகும் என்பதை நினைவிற்கொள்க.

‘கைபேசியைக் கம்பியால் இணைத்து இணையம் பெறலாமே?’ என்று கேட்கலாம். அலை கிடைக்கும் ஊரில் தாராளமாகப் பெறலாம். ஆனால் நெடுநாள் இணையம் காணாத கணினி, இணைப்புக் கிடைத்த மறுகணமே தன் நிலுவைப் புதுப்பிப்புகளை எல்லாம் இழுக்கத் தொடங்கி, அன்றைய டேட்டா முழுவதையும் தீர்த்துவிடக்கூடும். அதனினும், முழுத் தொகுப்பைக் கைபேசியிலேயே இறக்கி, பிறகு கம்பி வழியே கணினிக்கு மாற்றுவது சிக்கனமான வழியாகும்.

மூன்றாம் படி: சோதித்தல்

இப்படியே இப்பாடத்தின் உயிர்நாடி. சான்றிதழ் ஒட்டாத விதையை வாங்கி விதைப்பவர் ஒரு போகத்தை இழப்பார். சோதிக்காத மென்பொருளை நிறுவுபவரோ ஊராரின் ஆவணங்களையே இழக்க நேரிடும்.

இணையத்தோடு தொடர்பற்ற கணினிக்கு நோய் வராது என்பது தவறான நம்பிக்கை. 2008-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கான்ஃபிக்கர் என்னும் தீநிரல் பென்டிரைவ் வழியாகவும் தொற்றியது. 2010-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரலோ, இணையத்தோடு இணைக்கப்படாத கணினிகளையும் பென்டிரைவ் வழியே எட்டக்கூடியதாக இருந்தது. ஈரான் நாட்டு நத்தான்சில் உள்ள யுரேனியச் செறிவூட்டும் நிலையத்து இயந்திரங்களை அது பழுதாக்கிற்று. அத்துணைக் காவல் மிகுந்த நிலையத்துக்கே நேர்ந்தது, நம் ஊராட்சி அலுவலகத்துக்கு நேராது என்று எங்ஙனம் கூற இயலும்?

ஆகவே பின்வரும் நான்கு விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

1. மென்பொருளை அதனை ஆக்கியோரின் சொந்த வலைத்தளத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். நண்பரின் பென்டிரைவில் கிடந்தது என்பதற்காக எதனையும் நிறுவலாகாது.

2. கோப்பின் ‘கைரேகையை’ ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நம்பத்தக்க ஆக்குநர்கள் பலர் ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஷா 256’ என்னும் முறையில் கணித்த 64 எழுத்து நீளமுள்ள குறியீட்டைத் தம் தளத்தில் வெளியிடுகின்றனர். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு முற்றிலும் மாறிவிடும். விண்டோஸில் கட்டளைச் சாளரத்திலுள்ள ‘செர்ட்யூட்டில்’ என்னும் கருவியால் அதனை நாமே கணித்துப் பார்க்கலாம். தளத்திலுள்ள குறியீட்டைப் படியெடுத்து வந்து, ஊர்க் கணினியில் கோப்பை ஏற்றிய பின் கணித்து, இரண்டும் ஒன்றாயிருப்பின் நிறுவுக. வேறாயிருப்பின், வழியில் கோப்பு கெட்டிருக்கலாம். அல்லது எவரேனும் மாற்றியிருக்கலாம். எவ்வாறாயினும் அதனைத் தள்ளிவிடுதலே முறை.

3. நச்சுநிரல் தடுப்பு மென்பொருளையும் புதுப்பித்தல் வேண்டும். விண்டோஸில் உள்ள டிஃபெண்டருக்கான அண்மைக் குறிப்புத் தொகுதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனிக் கோப்பாகவே வெளியிடுகின்றது. மென்பொருள் எடுக்கச் செல்லும் ஒவ்வொரு முறையும் இதனையும் எடுத்து வந்து, முதலில் இதனை நிறுவி, பின்னர்ப் பென்டிரைவைச் சோதித்து, அதன் பின்னரே மற்றவற்றைத் தொடுக.

4. இப்பணிக்கென ஒரு பென்டிரைவைத் தனியே ஒதுக்குக. திருமணப் படமும் திரைப்பாடலும் ஏற்றும் பென்டிரைவ் அலுவலகக் கணினியைத் தீண்டலாகாது.

விலைக்கு விற்கும் மென்பொருளைப் பூட்டுடைத்து இலவசமாகத் தருவாரும் உளர். தீநிரல் வந்து சேரும் வழிகளுள் இது தலையாயது. அன்றியும், திருட்டுப் படி என அறிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றமாகும். விலையின்றி, உரிமையோடு, முறையாகக் கிடைக்கும் மென்பொருள்கள் நிறைந்துள்ள இந்நாளில் பொது நிறுவனமொன்று இவ்விழிவுக்கு உள்ளாக வேண்டிய தேவையே இல்லை.

நான்காம் படி: நிறுவுதலும் பதிதலும்

நிறுவுமுன் ஊராட்சியின் கணக்குக் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க. பிறகு துணை மென்பொருளை முதலிலும், முதன்மை மென்பொருளை அடுத்தும் நிறுவுக. நிறுவியபின் ஒரு கடிதத்தைத் தட்டெழுதி, அச்சிட்டுப் பார்த்து, கணினியை ஒருமுறை நிறுத்தித் திறந்து, மீண்டும் இயங்குகின்றதா எனக் காண்க. இறுதியாக ஒரு பதிவேட்டில் மென்பொருளின் பெயர், பதிப்பு, எடுத்த தளம், நிறுவிய நாள், நிறுவியவர் ஆகியவற்றை எழுதுக. கோப்பையும் அதன் குறியீட்டையும் அலமாரியில் ஒரு வட்டில் பாதுகாக்க. அடுத்த முறை கணினி பழுதுபட்டால் பயணம் மிச்சமாகும். பக்கத்து ஊராட்சிக்கும் கொடுத்து உதவலாம்.

தமிழில் எழுத

தமிழ் 99 விசைப்பலகை 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசால் ஏற்கப்பெற்றது. 2010-ஆம் ஆண்டில் யுனிகோடு முறை அரசின் தரமாக ஏற்கப்பெற்றது. 2019-ஆம் ஆண்டு மே மாதப் புதுப்பிப்புக்குப் பிந்திய விண்டோஸ் 10-இல் தமிழ் 99 விசைப்பலகை உடன் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு முந்திய கணினிகளுக்கு விசைப்பலகை மென்பொருளைத் தனியே கொண்டு வருதல் வேண்டும். பழைய தீர்மானங்களுட் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று அழித்துவிட வேண்டாம். எழுத்துருக் கோப்பு மிகச் சிறியது. அதனைக் கொண்டுவந்து நிறுவினாலே பழைய தீர்மானம் உயிர்பெற்று எழும்.

லினக்ஸ் கணினிகளுக்கு

மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் பாஸ் லினக்ஸ் என்னும் இயக்கு தளத்தை வெளியிட்டது. அது 1993-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் உலகளாவிய கூட்டு முயற்சியை அடிப்படையாகக் கொண்டது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. அம்மடிக்கணினிகளுட் சில இன்றும் வீடுகளில் பயனற்றுக் கிடக்கலாம். அவற்றுக்கு மறுவாழ்வு அளிக்க லினக்ஸ் ஏற்ற வழியாகும்.

டெபியன் வழியில் இணையமின்றி மென்பொருள் நிறுவ இரண்டு முறைகள் உள்ளன.

முதலாவது, களஞ்சிய முறை. டெபியனின் முதல் டிவிடியிலேயே இயக்கு தளமும், அன்றாடப் பணிக்குரிய மென்பொருள்களும் துணைத் தொகுதிகளோடு அடங்கியுள்ளன. அத்தகட்டைக் களஞ்சியமாக ஏற்குமாறு கணினிக்குச் சொல்லிவிட்டால், இணையத்திலிருந்து எடுப்பது போலவே தகட்டிலிருந்து வேண்டியவற்றைத் தானே எடுத்துக்கொள்ளும். வீட்டுக் குதிரில் நெல் நிரப்பி வைத்து, வேண்டும்போது அள்ளிக்கொள்வதற்கு இது ஒப்பாகும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 முதலாக 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் தகடு வெளியிடப்படவில்லை. ஆதலின் மிகப் பழைய கணினியாயின் 2023-இல் வெளிவந்த டெபியன் 12-ஐ நாடுக.

இரண்டாவது, சீட்டு முறை. ‘ஆப்ட் ஆஃப்லைன்’ என்னும் சிறு கருவி இதற்கெனவே அமைந்தது. ஊர்க் கணினியில், ‘இன்ன மென்பொருள் வேண்டும்’ என்று சொன்னால், தன்னிடம் உள்ளவை போகத் தேவையானவற்றைக் கணக்கிட்டு, ஒரு சிறு சீட்டுக் கோப்பை எழுதிக் கொடுக்கும். அச்சீட்டைப் பென்டிரைவில் இணையமுள்ள இடத்துக்குக் கொண்டுசென்று, அங்குள்ள கணினியில் அதே கருவியிடம் கொடுத்தால், சீட்டிலுள்ள யாவற்றையும் இறக்கி ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். மூட்டையை ஊருக்குக் கொண்டுவந்து பிரித்தால் மென்பொருள் ஏறிவிடும். மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்துச் சாமான் வாங்கி வரச் செய்வதே இது. ஆனால் ஒன்று: இக்கருவி ஊர்க் கணினியில் முன்னரே இருத்தல் வேண்டும். ஆகவே லினக்ஸை நிறுவும் முதல் நாளிலேயே இதனையும் சேர்த்து நிறுவிவிடுதல் அறிவுடைமை.

எல்லையும் பயனும்

இணையமின்றி எல்லாம் இயலும் என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். 2020 ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் போன்ற தளங்கள் இணையத்தின் வழியாக மட்டுமே இயங்குவன. அவற்றை ஊர்க் கணினியில் நிறுவ இயலாது. உரிமப் பதிவுக்கு இணையத்தைக் கேட்கும் வணிக மென்பொருள்களும் உள. வாங்குமுன் இதனைக் கேட்டறிக. ஆனால் தீர்மானம் எழுதுதல், குடிநீர்க் கட்டணப் பட்டியல், தெருவிளக்குக் கணக்கு, கிராம சபையில் வைக்கும் வரவு செலவு அறிக்கை ஆகியவற்றை இணையமின்றியே ஆயத்தம் செய்யலாம். தமிழகத்தில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் என்று வகுக்கப்பட்டது. கூட்டத்துக்கு முந்திய நாள் இணைப்பு அறுந்ததால் கணக்கு வைக்கவில்லை என்று கூறும் நிலை ஏற்படின், அது கணினியின் குற்றமன்று, ஆயத்தமின்மையின் குற்றம்.

கல்விக்கும் இது துணையாகும். கிவிக்ஸ் என்னும் விலையற்ற மென்பொருளையும் தமிழ் விக்கிப்பீடியாவின் தொகுப்புக் கோப்பையும் ஒருமுறை எடுத்துவந்து நிறுவினால், ஊர் நூலகத்துக் கணினியில் அக்கலைக்களஞ்சியம் முழுவதையும் மாணவர்கள் இணையமின்றிப் படிக்கலாம். விவசாயிகளும் பயிர், மண், நீர் பற்றிய கட்டுரைகளை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. உபுண்டு லினக்ஸை ஆக்குவோர் 2005 முதல் 2011 வரை, இணைய வசதி குன்றிய நாடுகளிலும் பயன்படுமாறு, கேட்போர்க்கெல்லாம் அஞ்சலில் குறுந்தகடு அனுப்பி வந்தனர். கியூபா நாட்டில், ‘வாரப் பொதி’ என்னும் பொருள்படும் பெயரோடு, ஒரு டெராபைட் அளவுள்ள வட்டில் மென்பொருளும் செய்தியும் படங்களும் வாரந்தோறும் வீடு வீடாகக் கைமாறிச் சென்றன. கம்பி செல்லாத இடத்துக்கும் மனிதன் செல்வான் என்பதற்கு இவை சான்று.

ஊராட்சிகள் செய்யத்தக்கது

திண்டுக்கல் மாவட்டத்து 14 ஊராட்சி ஒன்றியங்களுள் தொப்பம்பட்டியும் ஒன்று. இத்தகைய ஒன்றியத்தில் ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனியே பட்டணத்துக்கு அலைய வேண்டுவதில்லை. நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சோதிக்கப்பட்ட மென்பொருள்களை ஒரு வட்டில் தொகுத்து, குறியீட்டுப் பட்டியலோடு வைத்துவிட்டால், அதனைச் சுற்றியுள்ள ஊர்கள் யாவும் படியெடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஓர் இளைஞரோ இளம் பெண்ணோ இம்முறையைக் கற்றுக்கொண்டால் போதும். செலவு ஒரு வட்டின் விலையே. மூடிக் கிடந்த கணினி ஒன்று கணக்கெழுதத் தொடங்குமாயின், அச்செலவு வீண்செலவு ஆகாது.

பயிற்சி வினாக்கள்

1. மென்பொருள் எடுக்கச் செல்லுமுன் குறித்துக்கொள்ள வேண்டிய ஐந்து செய்திகள் யாவை?

2. இணையமற்ற கணினிக்கும் தீநிரல் தொற்றுவது எங்ஙனம்? தடுக்கும் விதிகள் நான்கினைக் கூறுக.

3. களஞ்சிய முறைக்கும் சீட்டு முறைக்கும் உள்ள வேறுபாடு என்ன?

4. உங்கள் ஊராட்சிக் கணினியில் உள்ள மென்பொருள்களுக்கு ஒரு பதிவேடு தயாரித்து, அடுத்த கூட்டத்தில் வைக்க.